நாலணா சொல்லி ரெண்டணாவுக்கு விற்ற கடை

எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் வரும். ஆனால் இன்றைக்கு அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இருபத்து நாலு வயதில் அந்தக் கோபத்தால் ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று வேலைகளைத் தொலைத்தேன். ஜவுளிக்கடையில் முதலாளியின் மைத்துனரை வாடா போடா என்றேன். வக்கீல் ஆபீசில் ஒரு கட்சிக்காரரிடம், உங்கள் வழக்கு தோற்கத்தான் போகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அது உண்மை, அதனால் இன்னும் மோசமாகிவிட்டது. மூன்றாவது ஒரு நெல் மில். அங்கே நடந்ததை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு மேஸ்திரியும் ஒரு தவிட்டு மூட்டையும் சம்பந்தப்பட்டது என்பதோடு விடுகிறேன்.

மில் வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தினமும் காலையில் மனைவி கட்டிக்கொடுக்கும் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு கிளம்புவேன். தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மில் விடுகிற நேரம் பார்த்து வீடு திரும்புவேன். மூன்று வாரம் இப்படி ஓடியது. அதற்குள் அந்த மேஸ்திரி, சண்டையில் நான் விட்டுவிட்டு வந்த செருப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நல்லெண்ணத்தோடு வீடு தேடி வந்துவிட்டான். என் மனைவி செருப்பை வாங்கி வாசலில் ஜோடியாக வைத்தாள், டிரங்குப் பெட்டியைக் கட்டினாள், வாடிப்பட்டிக்குத் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து மாமனார் வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மாப்ள, ஒரே வேலையில ஆறு மாசம் நில்லுங்க. நின்னுட்டா பொண்ண நானே கொண்டாந்து விடுறேன். ஒரு நாளு கொறஞ்சாலும் ஆகாது."

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாடிப்பட்டியில் நாலு ஏக்கர் நஞ்சை வைத்திருந்தார். ஒரே பேச்சுக்காரர். விற்பவன் என்ன விலை சொன்னாலும் கொடுப்பார், தான் சொன்ன விலையிலிருந்து காலணா இறங்க மாட்டார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிற தரகர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அப்படிப்பட்டவர் ஆறு மாசம் என்றால் ஆறு மாசம்தான். கெஞ்சிப் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் கெஞ்சவில்லை.

நாலாவதாகக் கிடைத்ததுதான் இந்த ரெண்டணாக் கடை. சென்னையில் தலைமை ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனி ஊர் ஊராகக் கிளை திறந்துகொண்டு வந்தது. ரெண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தைய வருஷங்கள், ஜப்பான் சாமான் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம். தகரச் சோப்புப் பெட்டி, முகம் பார்க்கிற கண்ணாடி, சீப்பு, எனாமல் குவளை, பூட்டு, செல்லுலாய்டு பொம்மை எல்லாவற்றுக்கும் ஒரே விலை. மதுரையில் விளக்குத்தூணுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் கிளை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: 'எதை எடுத்தாலும் ரெண்டணா.'

கடையில் நாங்கள் மூன்று பேர். மானேஜர் சென்னையிலிருந்து வந்தவர், தலைமை ஆபீஸ் கடிதம் வந்தால் பிரிப்பதற்கு முன்பே வியர்த்துவிடுவார். காஜிமார் தெருவிலிருந்து ஒரு பாய், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். மூன்றாவது ஆள் நான். கம்பெனி எங்களுக்கு ஒரு சட்டப் புத்தகம் கொடுத்திருந்தது. மானேஜர் தினமும் கடை திறந்ததும் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். விலை ரெண்டணா, மேலும் இல்லை கீழும் இல்லை. வேறு விலையை வாயால் சொல்கிற சிப்பந்தி அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவான்.

முதல் மாதம் கூட்டம் அள்ளிக்கொண்டு வந்தது. வியாபாரம்தான் நடக்கவில்லை.

வருவார்கள். குவளையை எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். "எம்புட்டு?" என்பார்கள். "ரெண்டணா" என்போம். "சரி, பாத்துச் சொல்லு" என்பார்கள். ஒரே விலைதான், குறைக்க முடியாது என்று சொன்னதும் முகம் சுருங்கிவிடும். குவளையை வைத்துவிட்டு, ஏதோ நாங்கள் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். விலை அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் பரவை ஊர்க்காரர் ஒருவர் எங்களிடம் ரெண்டணாக் குவளையை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போய், பஜாரில் அதே குவளையை மூன்றணாவுக்கு வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் வாசலிலேயே நின்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். அஞ்சணா சொன்னவனை மூன்றணாவுக்கு இறக்கிவிட்டாராம்.

மானேஜர் இதையெல்லாம் சென்னைக்கு எழுதினார். பலகையை இன்னும் பெரிதாக எழுதி வைக்கவும் என்று பதில் வந்தது. வைத்தோம். அடுத்த கடிதத்தில், இதே நிலை நீடித்தால் கிளையை மூடிவிடுவோம் என்று இருந்தது. மானேஜர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நின்றபடியே இருந்தார். கடையே போய்விட்டால் நான் எங்கே போய் ஆறு மாசம் நிற்பது?

வில்லாபுரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு அம்மா வருவார், முறுக்கு சுட்டு விற்பவர். நாலு வாரமாக ஒரே கண்ணாடியை எடுத்து, முகத்தைப் பார்த்து, விலை கேட்டு, வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஐந்தாவது வாரமும் எடுத்தார்.

"எம்புட்டு தம்பி?"

"போன வாரம் ரெண்டணா. அதுக்கு முந்தின வாரமும் ரெண்டணா."

"இந்த வாரம்?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "நாலணா!" என்று கத்தினேன்.

மானேஜர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அந்த அம்மாவின் முகம் மட்டும் மலர்ந்தது. ஐந்து வாரத்தில் அன்றைக்குத்தான் அவர் எங்கள் கடையில் சிரித்துப் பார்த்தேன்.

"ஏய்யா, அம்புட்டுமா? வெளிய பலகையில ரெண்டணான்னு எழுதியிருக்காமே?"

"அது பழைய பலகை!"

"அப்ப பழைய விலைக்கே குடு."

"முடியாது. மூணரை."

அவர் கண்ணாடியை வைத்துவிட்டு இறங்கினார். வாசலில் மூன்று படி. இரண்டாவது படியில் கால் வைக்கும்போது பாய் தன்னை மறந்து குரல் கொடுத்துவிட்டார். "யம்மா, திரும்பிப் போகாதீக. இன்னும் போணியே ஆகலை. மூணுன்னு வச்சுக்கங்க." அந்த அம்மா திரும்பினார். ரெண்டே கால் வரை வந்து அங்கே கொஞ்ச நேரம் முட்டிக்கொண்டு நின்று, கடைசியில் ரெண்டணாவுக்கு முடிந்தது. காசைக் கொடுத்துவிட்டு, "ரொம்பத்தான் நெருக்கிப்புட்டேன், பாவம்" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் மூன்று பேரும் அந்த ரெண்டணாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மானேஜர் தொண்டையைச் செருமினார். "சாமான் ரெண்டணாவுக்குத்தானே போயிருக்கு?" என்றார். ஆமாம் என்றோம். அவர் சட்டப் புத்தகத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு நடந்த வியாபாரத்தை நான் என்னவென்று சொல்ல! விலை சொல்வது என் வேலை, ஏனென்றால் கோபம் எனக்கு இயல்பாக வந்தது. இரண்டாவது படியிலிருந்து திரும்பக் கூப்பிடுவது பாய் வேலை. "வீட்டுல நாலு பிள்ளைக இருக்கு, பாத்துக் குடுங்கம்மா" என்று சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கும். கடைசியில் மானேஜர் உள்ளிருந்து வந்து, "இந்த விலைக்குக் கொடுத்தது கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்" என்று பெருமூச்சு விடுவார். மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில், கடைக் கண்ணாடி ஒன்றின் முன் நின்று அவர் பெருமூச்சைப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். ஜனங்கள் நாலணாவிலிருந்து இறக்கி, ஜெயித்த முகத்தோடு போனார்கள். ஒரு சாமான்கூட ரெண்டணாவுக்கு மேலே போகவில்லை, கீழேயும் போகவில்லை. முன்பு எனக்கு வேலை போகக் காரணமான அதே கோபத்துக்கு இங்கே மாதாமாதம் சம்பளம் கிடைத்தது. மதுரையையே ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளூர ஒரு திமிரும் வந்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

நாட்கள் ஓடின. நாள்காட்டியில் தாள் கிழிப்பது மட்டும் என் பொறுப்பு, வேறு யாரையும் தொட விடமாட்டேன். அஞ்சு மாசம் தாண்டி, ஆறு மாசத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தபோது மாமனார் கடைக்கு வந்தார்.

நான் அப்போது பரண்மேல் ஏறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே திடீரென்று பேச்சுச் சத்தம் நின்றது. பாய் வாய் மூடி நான் பார்த்ததில்லை, அதனால் இறங்கி வந்தேன். மாமனார் ஒரு தகரச் சோப்புப் பெட்டியை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையில் நாலணாக் காசை நீட்டிக்கொண்டு நின்றார். பாய் அந்தக் காசைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்று பாய் என் காதில் முணுமுணுத்தார், "நாலணான்னு சொன்னேன், இந்தப் பெரியவரு நாலணாவையும் குடுக்குறாரு."

அதுவரை யாரும் நாலணாவைக் கொடுத்ததில்லை. கொடுத்தால் என்ன செய்வது என்று நாங்கள் யோசித்ததும் இல்லை.

"வாங்க மாமா" என்றேன்.

"பருத்தி விதை வாங்க வந்தேன். பாப்பா ஒரு சோப்புப் பெட்டி வாங்கியாரச் சொன்னா. அதான் உங்க கடையிலயே வாங்கிருவோம்னு."

அவர் பாப்பா என்பது என் மனைவியைத்தான். சோப்புப் பெட்டி என்றதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தகப்பன் வீட்டில் இல்லாத சோப்புப் பெட்டியா? புதிதாக ஒன்று வாங்குகிறாள் என்றால் அது நம் வீட்டுக்குத்தான். அந்தச் சந்தோஷத்தில் புத்தி தடுமாறி, "மாமா, ரெண்டணா போதும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் இறுகியது. "ஏன்? மருமகன் கடைன்னா எனக்கு மட்டும் பாதி விலையா? இப்படி வார போற ஆளுக்கெல்லாம் எடுத்துக் குடுத்துத்தான் மூணு வேலை போச்சாக்கும்? இன்னும் பத்தொம்பது நாளு இருக்கு மாப்ள. என்னால உங்க வேலைக்கு ஒரு கொறை வரக் கூடாது. பிடிங்க."

வாங்கினால் கம்பெனிச் சட்டத்தில் உள்ள அத்தனை குற்றமும் ஒரே காசில் வந்து சேரும். உண்மையைச் சொன்னால், தெப்பக்குளத்தில் உட்கார்ந்து பொய் சொன்ன மருமகன் இப்போது கடையில் உட்கார்ந்து தினமும் நூறு பொய் சொல்கிறான் என்று ஆகும். அதுவும் அந்த ஒரே பேச்சுக்காரரிடம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"மாமா, கொஞ்சம் கொறச்சுக் கேளுங்க."

"நான் எதுக்குக் கேக்கணும்?"

"கேக்கலேன்னா என் வேலை போயிரும் மாமா."

அவர் என்னைப் பார்த்தார், காசைப் பார்த்தார், சோப்புப் பெட்டியைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அறுபது வயதில் முதல் திருட்டுக்குப் போகிறவர் குரலில், "மூணே முக்கால்?" என்றார்.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கிட்டே வந்துவிட்டார்கள். "நல்லா கேட்டீக போங்க! எடுத்ததும் ஒண்ணுல ஆரம்பிக்கணும்யா" என்றார் வில்லாபுரத்து அம்மா. "படி வரைக்கும் போங்க, கூப்புடுவாக" என்றார் இன்னொருவர். மாமனார் மூணரைக்கு வந்தார். மூணே காலுக்கு வந்தார். மூன்றில் நின்றுவிட்டார். "அதுக்குக் கீழ கேக்க வாய் வர மாட்டேங்குது" என்று என்னிடமே முறையிட்டார்.

வில்லாபுரத்து அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அய்யா, இங்க எதை எடுத்தாலும் ரெண்டணாதான். ஊருக்கே தெரியும். இந்தப் பிள்ளைக நாலணாம்பாக, நம்மதான் கேட்டு இறக்கணும். அம்புட்டுதான் சங்கதி."

நான் அதிர்ந்துபோனேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"பழைய பலகைன்னு சொல்றீக. பழைய பலகையத் தினமும் யாருய்யா தொடச்சு வைப்பா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நாலு மாசமாக மதுரையை ஏமாற்றிக்கொண்டிருந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் கண்ணாடி வரிசைப் பக்கம் அரை மணி நேரமாகக் குடையோடு நின்றிருந்த ஒருவர் முன்னால் வந்தார். எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்கிற ஆள் என்று நினைத்திருந்தோம். "நான் தலைமை ஆபீஸ் இன்ஸ்பெக்டர்" என்றார். மானேஜர் அப்படியே எனாமல் குவளை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். குவளைகள் கடை முழுக்க உருண்டு ஓடின.

இன்ஸ்பெக்டர் மாமனாரிடம் பலகையைக் காட்டி, விலை ரெண்டணா என்று அதிகாரபூர்வமாகச் சொல்லி, ரெண்டணா மீதியையும் தன் கையாலேயே வாங்கிக் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நாலணா என்ற வார்த்தையை முதலில் சொன்னது யார்?"

பாய் வாயைத் திறந்தார். ஆனால் முதலில் சொன்னது நான்தானே. "நான்தான் சார்" என்றேன்.

"நீர் இன்றோடு நின்றுகொள்ளலாம்."

"இன்னிக்கா?" என்று கேட்டது மாமனார்.

"இன்றைக்கே."

"பத்தொம்பது நாளு இருக்கே!"

"எதற்கு?" என்றார் இன்ஸ்பெக்டர். மாமனார் குடும்ப விஷயத்தைக் கடையில் வைத்துப் பேசுகிறவர் அல்ல. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாசம் என்று விதித்தவரே அவர்தான், அஞ்சு மாசமும் பதினோரு நாளும் போதும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை என்று சத்தியம் செய்வேன். சொன்ன பேச்சு மாறாமல் இருக்க வேண்டும், அதற்கு உலகம்தான் இறங்கி வர வேண்டும். காசை மடியில் முடிந்துகொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ரெண்டு மாசம் வையுங்க."

"என்ன?"

"இந்தப் பிள்ளைய இன்னும் ரெண்டு மாசம் வேலையில வையுங்க."

"ஐயா, சட்டப்படி இன்றே..."

"சரி, ஒன்றரை மாசம்."

"அப்படிப் போடுங்க!" என்றார் வில்லாபுரத்து அம்மா.

இன்ஸ்பெக்டர் குழம்பிவிட்டார். "வேண்டுமானால் ஒரு வாரம்..." என்று வாயை விட்டுவிட்டார். கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. வாயைத் திறந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்ட பிறகு மதுரையில் யாராலும் தப்பிக்க முடியாது.

"ஒரு மாசம்."

"பத்து நாள். அதற்குமேல் முடியாது."

மாமனார் திரும்பிப் படியிறங்கினார். ஒன்று. இரண்டு. கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்ஸ்பெக்டர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பாய் மெதுவாக, "கூப்புடுங்க சார்" என்றார்.

"ஐயா, வாருங்கள்" என்று இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். ஏன் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"பத்தொம்பது நாளு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"சரி" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தப் பத்தொன்பது நாளும் நான் வாயால் விலை சொல்லக் கூடாது என்று உத்தரவு. யார் என்ன கேட்டாலும் பலகையைக் கையால் காட்டிக்கொண்டு நின்றேன். இந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு, வாய் வராதா என்று கேட்டுவிட்டு, என் கையோடு பேரம் பேசிப் பார்த்தார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. கடைசி நாள் சாயந்திரம் மானேஜரிடமும் பாயிடமும் சொல்லிக்கொண்டு வீடு வந்தபோது, வாசலில் டிரங்குப் பெட்டியோடு மாமனாரும் என் மனைவியும் நின்றார்கள்.

"ஆறு மாசம் முடிஞ்சது மாப்ள. பொண்ணக் கொண்டாந்துட்டேன்" என்றார். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நாளைக்கு நான் எந்த வேலைக்குப் போவேன் என்று கேட்கவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

மனைவி பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. "உங்கப்பா மாதிரி ஒரு ஆளு கிடையாது. பேரமே பேசாத மனுஷன், எனக்காக மொத மொதலா அன்னிக்குப் பேசுனாரு" என்றேன்.

"மொத மொதலா?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அதுக்கு முன்னாலயே எங்கிட்டப் பேரம் பேசியாச்சு. நான் ரெண்டு வருஷம்னு சொன்னேன். நாலு நாளு சரியாச் சாப்பிடாம என்கூட மல்லுக்கட்டி ஆறு மாசத்துக்கு இறக்குனாரு."

அவள் கடைசிப் புடவையை மடித்து வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"இனிமே வேலை போனா அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிரணும். தெப்பக்குளத்துல போயி உக்காரக் கூடாது."

"இன்னிக்குத்தான் போச்சு" என்றேன்.